ஜாவாவையும் சேர்த்துக் கட்டுவது – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மளிகைக் கடைகளுக்கான பில்லிங் செயலி ஒன்றை ஜாவாவின் ஸ்விங்கில் (ஜன்னல், பொத்தான்களைத் திரையில் காட்டும் நூலகம்) எழுதியிருக்கிறேன். செயலி அடங்கிய ஜார் கோப்பு 7 எம்பிதான். கடைக்குக் கடை ஜாவா வேறுபடுகிறது, சில கடைகளில் இல்லவே இல்லை. அதனால் ஜேடிகே 17-இல் (ஜாவா நிரலாளருக்கான கருவித் தொகுப்பு) உள்ள ஜேபேக்கேஜ் என்ற பொதி கட்டும் கருவியை வைத்து, ஜாவாவையும் உள்ளே சேர்த்து எம்எஸ்ஐ (விண்டோஸ் நிறுவல் கோப்பு) ஆக்கினேன். அளவு குறையட்டும் என்று எவை தேவை என்று ஆராயும் ஜேடெப்ஸ் கருவி காட்டிய மாட்யூல்களை (ஜாவாவின் பகுதிகளை) மட்டும் கொடுத்தேன். என் கணினியில், நிரல் எழுதும் எக்லிப்ஸில் எல்லாம் ஓடுகிறது. கடையில் நிறுவினால் இரண்டு கோளாறு. சர்வருக்கு பேக்கப் அனுப்பும்போது 'ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்' என்று நிற்கிறது. பில்லில் மாதப் பெயர் தமிழில் வருவதில்லை. ஜேடெப்ஸை நம்பக்கூடாதா? 7 எம்பி செயலிக்கு இத்தனை பெரிய பொதி கொடுப்பது முறைதானா?

க.

அன்புள்ள க.,

இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். ஜேடெப்ஸ் உங்கள் கிளாஸ் கோப்புகளைத் திறந்து, அவற்றில் பெயர் குறிப்பிட்ட கிளாஸ்கள் எந்த மாட்யூலில் இருக்கின்றன என்று பார்க்கும். அதற்குமேல் அதற்குத் தெரியாது. ஓடும்போது 'இந்த வேலைக்கு யார் இருக்கிறீர்கள்' என்று ஜாவா தேடிப்பிடிக்கும் சர்வீஸ் மாட்யூல்களின் பெயர் உங்கள் நிரலில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எழுதாததை அது எப்படிக் காட்டும்? ரிஃப்ளெக்‌ஷனில் பெயரைச் சரமாகக் கொடுத்து ஏற்றும் கிளாஸ்களுக்கும் இதே கதிதான். எனவே ஜேடெப்ஸ் தரும் பட்டியலைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்ஷேக், அதாவது சர்வரோடு பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் படி, நிற்கும் இடத்தில் விட்டுப்போனது 'ஜேடிகே.க்ரிப்டோ.ஈசி'. நீள்வட்ட வளைவு முறைச் சாவிப் பரிமாற்றம் ஜேடிகே 17-இல் அந்த மாட்யூலில்தான் இருக்கிறது. இன்றைய சர்வர்களில் பல, இதைத் தவிர வேறு முறையை ஏற்பதில்லை. இரு பக்கத்துக்கும் பொதுவான முறை இல்லாததால் இணைப்பு முறிகிறது. ஜேடிகே 22 முதல் இது 'ஜாவா.பேஸ்' மாட்யூலுக்குள்ளேயே வந்துவிட்டது. 17-இலும் 21-இலும் நீங்கள்தான் கைப்படச் சேர்க்க வேண்டும்.

மாதப் பெயருக்கு 'ஜேடிகே.லோகேல்டேட்டா' வேண்டும். 'ஜாவா.பேஸ்' மாட்யூலில் அமெரிக்க ஆங்கிலத் தரவு மட்டுமே உண்டு. தமிழ் உட்பட மற்ற மொழிகளின் நாள், மாதப் பெயர்கள் எல்லாம் 'ஜேடிகே.லோகேல்டேட்டா'வில் இருக்கின்றன. அப்படியே சேர்த்தால் உங்களுக்குத் தேவையில்லாத நூற்றுக்கணக்கான மொழி, நாட்டுத் தரவும் கூடவே வரும். வேண்டிய மாட்யூல்களை மட்டும் சேர்த்து ஜாவாவைக் கட்டும் ஜேலிங்க் கருவியில் 'இன்க்ளூட்-லோகேல்ஸ்' என்ற ஆப்ஷனுக்கு ஆங்கிலம், தமிழ் இரண்டின் குறியீட்டை மட்டும் கொடுங்கள். மாட்யூலைச் சேர்க்காமல் இந்த ஆப்ஷனை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

'பைண்ட்-சர்வீசஸ்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு, எல்லா சர்வீஸ்களையும் அதுவே இழுத்து வரும் என்று யாராவது சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் கம்பைலர் முதற்கொண்டு இழுத்து வந்துவிடும், நீங்கள் அளவு குறைத்ததெல்லாம் வீணாகும். 'சஜஸ்ட்-ப்ரொவைடர்ஸ்' கொடுத்து எந்த சர்வீஸுக்கு எந்த மாட்யூல் என்று பார்த்து, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வதே நல்லது.

கட்டும் முறையிலும் ஒன்றை மாற்றுங்கள். ஜேபேக்கேஜே உள்ளுக்குள் ஜேலிங்க்கை அழைக்கும்படி விடாதீர்கள். அது தன் வழக்கப்படி 'ஸ்ட்ரிப்-நேட்டிவ்-கமாண்ட்ஸ்' சேர்த்துவிடும். 'bin' ஃபோல்டரில் ஜாவா.எக்ஸி இருக்காது. கடையில் கோளாறு வந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் போகும். முதலில் ஜேலிங்க்கால் ரன்டைம் ஃபோல்டரை (செயலியை ஓட்டும் ஜாவா) தனியாகச் செய்யுங்கள். அதிலுள்ள ஜாவா.எக்ஸியாலேயே உங்கள் ஜாரை ஓட்டி, பேக்கப் அனுப்பி, ஒரு பில்லும் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தபின் அதே ஃபோல்டரை 'ரன்டைம்-இமேஜ்' ஆப்ஷனில் ஜேபேக்கேஜுக்குக் கொடுங்கள். எக்லிப்ஸில் ஓடியது முழு ஜேடிகேயின் மேல். கடைக்குப் போனது வேறு ஜாவா. சோதிக்க வேண்டியது கடைக்குப் போவதைத்தான்.

இப்போதே கடையில் நிறுவியிருப்பதையும் பார்த்துவிடலாம். செயலி நிறுவப்பட்ட இடத்தில் 'ரன்டைம்' ஃபோல்டருக்குள் 'ரிலீஸ்' என்ற கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஜாவா பதிப்பு ஒரு வரியிலும், உள்ளே இருக்கும் மாட்யூல்களின் பெயர் இன்னொரு வரியிலும் கிடக்கும். நான் சொன்ன இரண்டும் அந்த வரியில் இல்லை என்பது தெரிந்துவிடும். தொலைபேசியில் கடைக்காரரை வைத்துக்கொண்டே இதைப் பார்க்கலாம்.

அளவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முறைதான், தயங்காதீர்கள். ஜேடிகே 11 முதல் ஆரக்கிள் தனி ஜேஆர்இ (செயலிகளை ஓட்ட மட்டும் உதவும் ஜாவா) தருவதையே நிறுத்திவிட்டது; செயலியோடு சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் இன்று ஜாவாவின் வழி. முழு ஜேடிகே விரித்தால் 300 எம்பி அளவில் இருக்கும், ஸ்விங்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்தால் நூறுக்குள் அடங்கும். ஜேலிங்க்கின் 'கம்ப்ரஸ்' ஆப்ஷனை நம்பி ஏமாற வேண்டாம். எம்எஸ்ஐ தானே சுருக்கிக்கொள்ளும்; ஏற்கெனவே சுருக்கியதை அதனால் மேலும் சுருக்க முடியாது. டவுன்லோடு அளவில் பெரிய மாற்றம் வராது, நிறுவிய பின் வட்டில் பிடிக்கும் இடம் மட்டும் குறையும்.

இன்னொன்று, சிறியதுதான்: தரவுக் கோப்பை நிறுவிய ஃபோல்டரிலேயே எழுதாதீர்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணப் பயனருக்கு எழுத அனுமதி கிடையாது. பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். ஜாவாவே இல்லாத ஒரு விண்டோஸில், பயனர் பெயரைத் தமிழில் வைத்தும் ஒருமுறை நிறுவிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடைக்காரரின் கணினியில் வேறு ஜாவா புதுப்பிக்கப்பட்டாலும் உங்கள் பொதிக்குள் இருக்கும் ஜாவாவை அது தொடாது. ஜாவாவின் பாதுகாப்புத் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு 4 முறை வருகின்றன. இனி அவற்றைக் கடைக்குக் கொண்டுசேர்ப்பது உங்கள் வேலை. உங்கள் நிரலில் ஒரு வரி மாறாவிட்டாலும், ரன்டைமைப் புதிதாகக் கட்டி வெளியிட வேண்டும். பணம் புழங்கும், இணையத்தோடு பேசும் செயலி இது. ஓராண்டு பழைய ஜாவாவோடு அதை விட்டுவைப்பது கடைக்காரருக்குச் செய்யும் அநீதி.

ஜேபேக்கேஜில் தானாகப் புதுப்பிக்கும் வசதி எதுவும் இல்லை. ஆகவே முதல் எம்எஸ்ஐயிலிருந்தே 'வின்-அப்கிரேட்-யூயூஐடி'க்கு (இது அதே செயலியின் புதிய பதிப்பு என்று விண்டோஸ் அறியும் அடையாளம்) ஓர் எண்ணை உருவாக்கிக் கொடுத்து, அதை பில்ட் ஸ்க்ரிப்ட்டிலேயே எழுதி வையுங்கள். கொடுக்காவிட்டால் வெண்டர் (தயாரிப்பாளர்) பெயரையும் செயலிப் பெயரையும் வைத்து ஜேபேக்கேஜே ஒன்றை உண்டாக்கும். பிறகு நீங்கள் வெண்டர் பெயரில் ஒரு புள்ளி சேர்த்தாலும் எண் மாறிவிடும். புதியது பழையதை நீக்காமல் பக்கத்திலேயே போய் உட்காரும், கடைக்காரர் ஒருநாள் இதையும் மறுநாள் அதையும் திறப்பார். பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஏற்றுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் முதல் 3 பகுதிகளை மட்டுமே ஒப்பிடும், நான்காவதைப் பார்க்காது. ஏப்ரல் திருத்தத்துக்கு 2.4.1 என்றால் ஜூலைக்கு 2.4.2 என்று வைத்துக்கொள்ளுங்கள்.