மருத்துவ மாணவர்களுக்கு உளமருத்துவம் ஏன் பிடிப்பதில்லை?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்டிருக்கிறார். மருத்துவ மாணவர்கள் உளமருத்துவத்தை ஏன் ஒரு படி கீழாகப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. மூளை இரசாயனம், உடல் கடிகாரம் பற்றிய ஆய்வுகளைப் படித்தால் அந்த எண்ணம் மாறுமா என்பது மற்றது. என் எண்ணம் மாறியது உண்மை. ஆனால் ஆய்வுகளைப் படித்து மாறவில்லை, ஒரு நோயாளி சொன்னதை அரைகுறையாக மொழிபெயர்த்து மாட்டிக்கொண்டதில் மாறியது.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மருத்துவ பீடத்துக்குப் போனவன் என்பதால் வீட்டில் எனக்கு முன்கூட்டியே ஒரு வேலை முடிவாகியிருந்தது: இதய டொக்டர். உளமருத்துவம் என்று ஒருமுறை பேச்சுக்குச் சொன்னதற்கு அப்பா, "இவ்வளவு படிச்சு கடைசியில அங்கொடை டொக்டரா?" என்றார். அங்கொடை கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ஊர், நாட்டின் பெரிய மனநல ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கம் அது ஊர்ப் பெயராக இருப்பதைவிட வசவாகத்தான் அதிகம் புழங்குகிறது. பீடத்திலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. ஸ்கேனில் காட்ட ஒன்றுமில்லை, இரத்தத்தில் காட்ட ஒன்றுமில்லை, உட்கார்ந்து கதை கேட்கிற வேலை என்று சீனியர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

உளமருத்துவ அப்போயின்ட்மென்ட் (அந்தப் பிரிவில் சில வாரப் பயிற்சி) தொடங்கிய அன்று ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். 1982இல் கனடாவில் உருவாக்கிய அளவுகோல் அது, பல நாடுகளில் மாணவர்களின் மனப்பான்மையை அளக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முப்பது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை: முழுக்க உடன்படுகிறேன் என்பதிலிருந்து முழுக்க மறுக்கிறேன் என்பதுவரை. பெயர் எழுதச் சொல்லவில்லை. இருந்தும் நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றிலும் உளமருத்துவத்துக்குச் சாதகமான இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் கிளினிக். எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். எங்களுக்குக் கற்பித்த உளமருத்துவர் சேருக்குத் தமிழில் வணக்கமும் "எப்படி இருக்கு"வும் மட்டும் வரும். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார் (அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. மெதுவாகப் பேசினார்: "மூணு மணிக்கே முழிப்பு வந்திடுது தம்பி. அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. காலையில கூடையை மாட்டினா மலையையே தூக்கி முதுகுல வச்ச மாதிரி இருக்கு. கங்காணி திட்டுறாரு, அரைப்பேர்தான் (அரைநாள் கூலிதான்) விழுது. பொழுது சாயச் சாயத்தான் நான் கொஞ்சம் மனுசியாகுறேன்."

நான் சேரிடம் சிங்களத்தில் சொன்னது: "களைப்பாம், தூக்கம் சரியில்லையாம்."

சேர் எழுதுவதை நிறுத்தினார். "அவர் இவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள்" என்றார். காது சுட்டது. மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ்வளவு பேச்சிலிருந்தும் அவர் அடிக்கோடிட்டது இரண்டைத்தான்: விடிகாலை மூன்று மணி, பொழுது சாய்ந்தால் தேறுவது. நான் தேவையில்லை என்று விட்டுவிட்ட இரண்டும் அவைதான்.

வெளியில் நின்ற கணவர், குறிசொல்லும் கோடாங்கியிடம் போய்வந்ததாகச் சொன்னார். கோடாங்கியும் முதலில் கேட்டது எத்தனை மணிக்குப் பயந்து எழும்புகிறாள் என்றுதானாம். மூன்று மணி என்றதும் முனி உலாவுகிற நேரம் என்று சொல்லிவிட்டார். விடை தவறு, ஆனால் கேள்வி சரி. நான் அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

விடியுமுன் விழித்துக்கொள்வதும், காலையில் மோசமாக இருந்து மாலையில் தேறுவதும் கடுமையான ஒருவகை மனச்சோர்வின் பழைய அடையாளங்கள். மருந்துகள் வருவதற்கு முன்பே வைத்தியர்கள் குறித்து வைத்தவை. இந்த நேரங்களோடு தொடர்புள்ள உடல் கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இருபதாயிரம் கலங்கள் அளவே உள்ள இரண்டு சிறிய கொத்துகள். வெளிச்சம் காட்டாமல் விட்டால் மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணித்தியாலத்தைவிடப் பத்துப் பதினொரு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. தினமும் காலை வெளிச்சம் அதைத் திருத்திவைக்கிறது. கோர்ட்டிசோல் என்ற ஓமோன் விடியலை ஒட்டி ஏறுவதும், மெலட்டொனின் என்ற ஓமோன் இருட்டியதும் சுரப்பதும் இதன் கட்டளைப்படிதான். பழ ஈயில் இதற்கான மரபணு இருப்பதை 1971இல் கண்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

"அப்படியென்றால், மனச்சோர்வு என்பது செரட்டொனின் என்ற மூளை இரசாயனத்தின் குறைவு என்று படித்தோமே, சேர்?" என்று கேட்டேன். அந்தக் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த ஒரு மருந்து நோயாளிகளை உற்சாகமாக்கியது. அதே காலத்தில் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்து இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த ரெசர்பின் சிலரைச் சோர்வில் தள்ளியதாகச் சொன்னார்கள். இரண்டும் மூளையின் ஒரே கூட்டத்து இரசாயனங்களை எதிரெதிராக மாற்றுவதைக் கண்டு, மனச்சோர்வே அவற்றின் குறைவுதான் என்று கருதுகோள் எழுதினார்கள். 2022இல் வந்த ஒரு பெரிய மீளாய்வு, செரட்டொனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இதை வைத்து மருந்தே பொய் என்று கிளம்புகிறவர்களுக்கு மலையகத்து உதாரணம் ஒன்று: உப்பைத் தடவினால் அட்டை விழுந்துவிடும். அதற்காக உப்புக் குறைவால்தான் அட்டை கடித்தது என்று யாராவது சொல்வார்களா? உப்பு வேண்டாம் என்றும் யாரும் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் தூக்கம் ஐந்து மணிவரை நீண்டது.

கடிகாரமும் இரசாயனமும் சந்திக்கும் இடம் என்றால் எனக்கு லிதியம் என்ற மருந்துதான். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்பவர் முதலில் கினிப் பன்றிகளிலும் பிறகு பித்தேறிய (மனம் அளவுமீறிக் கிளர்ந்த) பத்து நோயாளிகளிலும் பரீட்சித்த எளிய கனிம உப்பு; சமையல் உப்பு அல்ல. ஆய்வுகூடத்தில் அது கலங்களின் கடிகாரச் சுற்றை நீட்டுகிறது. இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க, கடைசி மாத்திரையிலிருந்து 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டுக்கு விழுங்கினால் காலை எட்டுக்கு. தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர், டொக்டரிடம் போகிறோமே என்று பயபக்தியோடு காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அளவு பொய்யாக எகிறிக் காட்டும். இரத்தத்தில் காட்ட ஒன்றுமில்லை என்று சிரித்த சீனியர்களுக்கு இது தெரியாதா என்ன!

ஆய்வுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து நடவும் முடியாது. குளிர்கால மனச்சோர்வு பற்றி 1984 முதல் எழுதப்படுவது நீண்ட இருட்டுள்ள நாடுகளைப் பற்றியது. எங்கள் மலையகத்து நுவரெலியா பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைதான். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. ஜூன், ஜூலை மூட்டத்திலும் மலையில் நிற்கிறவருக்கு லயத்து அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. வெளிச்சம் காணாதவர்கள், கொழும்பில் இரவு வேலைக்குப் போன அவர்களுடைய பிள்ளைகள். ஹொஸ்டலில் கிடந்த நாங்களும்தான்.

பயிற்சி முடிந்ததும் அதே வினாத்தாள் மறுபடி வந்தது. பயிற்சிக்குப் பிறகு மனப்பான்மை உயர்கிறது, பிறகு மெல்ல மங்குகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நான் இந்தமுறை உண்மையாக நிரப்பினேன். என் புள்ளி முதல் தடவையைவிடக் குறைந்திருக்கும், ஆய்வாளர்கள் மன்னிக்க வேண்டும்.

கேட்டவர் மருத்துவ மாணவராக இருந்தால் ஒன்று. எங்கள் பக்கம் கிளினிக்கில் "தூக்கம் எப்படி?" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும். எத்தனை மணிக்கு முழித்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் மணிக்கூடு இல்லை என்றால், முதல் பஸ் போவதற்கு முன்பா பிறகா, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் நேரம்) எவ்வளவு நேரம் இருந்தது, அடுப்பு மூட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள்.