வெட்டுமுன் மரத்தின் பெயரைக் கேளுங்கள்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பின்கட்டில் நிற்கும் பெரிய வேப்பமரம் மதில்மேல் சாய்ந்துவருகிறது. வெட்டினால் பதிலுக்கு ஒரு மரம் கட்டாயம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்கிறார்கள். உண்மையா? மறுபடி வேம்பே வைக்கலாமா? (சாட்ஸ்வர்த் வாசகி)

பதில்: அம்மா, முதலில் அது வேம்புதானா என்று பாருங்கள். டர்பன் பக்கம் பல வீடுகளில் வேப்பிலை என்று அம்மனுக்கு வைப்பது சிரிங்கா இலை. வேம்பின் குடும்பம்தான், ஆனால் வேம்பு அல்ல. ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் இருக்கும். சிரிங்காவில் நடு ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில் சிற்றிலைகள் இருக்கும். பூ ஊதா. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்தக் காய் நஞ்சு. குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

சிரிங்கா என்றால் உங்களுக்குப் பொருந்துவது 2020ஆம் ஆண்டின் ஊடுருவும் அயல் இனங்கள் விதிமுறை. நகர்ப்புறத்தில் அது 3ஆம் பிரிவு: இருக்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடவோ கன்று விற்கவோ கூடாது. நகருக்கு வெளியிலும் ஓடை, ஆற்றோரங்களிலும் 1பி பிரிவு. கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். ஆகவே வெட்டலாம், அதையே மீண்டும் வைக்க முடியாது. வீட்டை விற்க நினைத்தால், இப்படிப்பட்ட மரம் மனையில் இருப்பதை வாங்குபவருக்கு ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சொந்தத் தோட்டத்து அயல் மரத்துக்கு ஈடாக இன்னொன்று நட வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. ஈடு நடச் சொல்வது பாதுகாக்கப்பட்ட மரத்துக்கான உரிமத்தின் நிபந்தனையாகவோ, கட்டட அனுமதியின் நிபந்தனையாகவோ, குடியிருப்புச் சங்கத்தின் விதியாகவோ வரலாம். இன்னொன்றும் உண்டு. உங்கள் மனை டர்பனின் ஈதெக்வினி மாநகராட்சியின் 'டிமாஸ்' பசுமை வரைபடத்துக்குள் வந்தால், மரஞ்செடிகளை அகற்றுமுன்பே அனுமதி வேண்டும். மாநகராட்சி அலுவலகத்தில் மனை எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சட்டம் சொல்லாவிட்டாலும் ஒன்று நடுங்கள். வெயில் விழும் சுவருக்கு நிழல் போனால் கோடையில் வீடு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பழைய அடிமரத்தை ஒட்டி நடாதீர்கள். சிரிங்கா வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், அறுத்த சில நிமிடங்களுக்குள் அதற்கெனப் பதிவுபெற்ற களைக்கொல்லியை வெட்டுமுகத்தில் தடவுவார்கள். இமாசாபைர் என்ற வேதிப்பொருள் சேர்ந்த மருந்தென்றால் மண்ணில் தங்கி, பக்கத்துச் செடியின் வேர் வழியாக ஏறும். வைத்த கன்று காரணம் தெரியாமல் கருகுவது பல சமயம் இதனால்தான்.

சின்ன முற்றத்துக்கு ஹல்லேரியா அல்லது டைஸ் நல்லது. இரண்டும் இந்த மண்ணின் மரங்கள். பெரிய இடமிருந்தால் உம்தோனி வையுங்கள், நம் நாவலுக்குச் சொந்தம். 60 சென்டிமீட்டர் சதுரக் குழி போதும். ஆழம் பையிலுள்ள மண்ணின் உயரமே. ஆழப் புதைத்தால் தண்டடி அழுகிவிடும். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை மூன்று இடத்தில் கீறிவிடுங்கள். விட்டால் பத்து ஆண்டில் மரமே தன் கழுத்தை நெரித்துக்கொள்ளும். முதல் கோடையில் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 லிட்டர். சருகு மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. அக்டோபர் மழை தொடங்கும்போது நடுவது நலம்.

கேள்வி: வாசலுக்கு வெளியே சாலையோர மரத்தின் வேர் கார் வழியைத் தூக்கிவிட்டது. நானே வெட்டி, வேறு மரம் வைத்துவிட்டால் சரிதானே? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: சரியில்லை ஐயா. வேலிக்கு வெளியே உள்ள புல்வெளியும் அங்குள்ள மரமும் மாநகராட்சியுடையவை. படம் எடுத்து, புகார் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேரை நீங்களே ஒருபக்கம் அறுத்தால் அடுத்த பெருங்காற்றில் மரம் சாயும். பழி உங்கள் மேல் வரும். அந்த மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் ஓடும். மாற்று மரத்தையும் கேட்டுவிட்டே நடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மரத்தின் சருகு என் கூரையோர மழைநீர்க் கால்வாயில் அடைக்கிறது. மரத்தையே எடுக்கச் சொல்ல முடியுமா? (டோங்காட் வாசகர்)

பதில்: சருகுக்காக முடியாது. 1951இல் சீரஸ் நகராட்சி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓக் மரச் சருகைப் பற்றிய முறையீட்டை ஏற்கவில்லை. எல்லை தாண்டிய கிளை வேறு விஷயம். வெட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். செய்யாவிட்டால் எல்லைக்கோடு வரை நீங்களே வெட்டலாம், அதற்கு மேல் ஒரு அங்குலமும் கூடாது. ஆனால் பாதுகாக்கப்பட்ட மரமென்றால் இந்த உரிமையை நம்பி அரிவாளை எடுக்க வேண்டாம். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கடலோர மனையில் அறை கட்ட ஒரு மில்க்வுட் மரம் தடையாக இருக்கிறது. (ஐசிப்பிங்கோ வாசகர்)

பதில்: இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், பழம் கறுப்பாகப் பழுக்கும் என்றால் அது வெள்ளை மில்க்வுட். 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 84இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. வெட்டுவது மட்டுமல்ல, சேதப்படுத்துவதும் விறகை எடுத்துச் செல்வதும் உரிமம் இல்லாமல் குற்றம். தண்டனை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் தருவது வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறை. மனுவோடு மரத்தின் படமும், அது நிற்கும் இடத்தைக் காட்டும் மனை வரைபடமும், வேறு வழி ஏன் இல்லை என்ற விளக்கமும் வையுங்கள். அந்த விளக்கத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "அறை வேண்டும்" என்பது போதாது. ஈடு நடுமாறு நிபந்தனை போட்டால், மில்க்வுட் மிக மெதுவாக வளரும் என்பதை எண்ணிப்பாருங்கள். நீங்கள் நடும் கன்று இன்றைய மரத்தின் நிழலைத் தர ஒரு தலைமுறை ஆகலாம். அறையை இரண்டு மீட்டர் நகர்த்த முடியுமா என்று வரைபடக்காரரிடம் முதலில் கேளுங்கள்.