கூர்நோக்கு இல்லத்தில் பாடி கேமரா வேண்டுமா?

பெங்களூரில், குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் பின்னணியை விசாரிக்கும் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், நகரத் தமிழ் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (அல்சூர்): அம்மா, இங்கே போக்குவரத்துக் காவலர்கள் நெஞ்சில் மாட்டும் பாடி கேமரா அணிகிறார்கள். விசாரணைக் காலத்தில் சிறார் தங்கவைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்துக்குச் செல்லும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் கொடுத்தால் என்ன?

பதில்: காவலர் நிற்பது நடுச்சாலையில், எங்கள் வேலை, மூடிய அறைக்குள் ஒரு சிறுவனைப் பேச வைப்பது. வீட்டு நிலவரம், பள்ளியை விட்ட காரணம், பின்னால் இருந்து தூண்டியவர் யார் என்பதையெல்லாம் கேட்டறிந்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவன் முதன்முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். சிறாரிடம் பேசும் காவலரே இயன்றவரை சீருடையின்றி இருக்க வேண்டும் என்று அச்சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறும்போது, சிவப்பு விளக்கு மினுங்கும் கருவியை நாங்கள் நெஞ்சில் மாட்டிக்கொண்டு அமரலாமா? கூட்டாளியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவன், அதைப் பார்த்ததும் "ஒண்ணும் இல்ல மேடம்" என்று முடித்துக்கொள்வான்.

கேள்வி (சிவாஜி நகர்): அலுவலர் தாக்கப்பட்டால் சாட்சியம் வேண்டாமா?

பதில்: வேண்டும். அதற்குத் தாழ்வாரம், வாயில், உணவுக்கூடம் ஆகியவற்றில் நிலையாகப் பொருத்திய சிசிடிவியே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. எனக்குள்ள அச்சம் வேறு. சிறாரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, படம் எதை வெளியிட்டாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் தண்டனைப் பதிவுகளை அழிக்குமாறு அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு பொதுவாகப் பணிக்கிறது. வாட்ஸ்அப்புக்கு நழுவிவிட்ட காணொளியை யார் அழிப்பது?

கேள்வி (ஜெயநகர்): உச்ச நீதிமன்றமே கேமரா வைக்கச் சொன்னதே?

பதில்: 2020 டிசம்பர் உத்தரவு காவல் நிலையங்களையும் கைது, விசாரணை அதிகாரமுள்ள மத்திய அமைப்புகளையும் பற்றியது; கூர்நோக்கு இல்லங்களைப் பற்றியதல்ல.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): கேமரா அணிந்தால் வன்முறை குறையும் என்று ஆய்வுகள் உள்ளனவே?

பதில்: கலிபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012இல் தொடங்கிய ஆய்வில் பலப்பிரயோகமும் புகார்களும் குறைந்தன, 2,000க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து வாஷிங்டனில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இரண்டுமே காவல்துறையைப் பற்றியவை. இவற்றை நம்பிச் சிறார் இல்லத்துக்குக் கருவி வாங்குவது அவசரப்பட்டுச் செய்யும் வேலை.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): நான் பணியில் புதியவள். வீட்டு விசாரணைக்குத் தனியாகச் செல்ல அச்சமாக இருக்கிறது.

பதில்: அம்மா, இந்த வேலையில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். பகலிலேயே செல்லுங்கள்; செல்லும் முகவரியையும் திரும்பும் நேரத்தையும் அலுவலகத்தில் எழுதி வையுங்கள். துணைக்குச் சக அலுவலரைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரை அழைத்தால் பையனின் வழக்கு தெருவுக்கே தெரிந்துவிடும். இல்லத்தில் பேசும்போது கதவுக்கு அருகில் உள்ள நாற்காலி உங்களுடையதாக இருக்கட்டும், ஆனால் அவன் வெளியேறும் வழியை அது அடைக்கக் கூடாது. போகும் இடத்தில் யாரேனும் பாலியல் தொல்லை கொடுத்தால், பணியின் பொருட்டுச் செல்லும் இடமும் பணியிடமே என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உங்கள் துறையின் உள்ளகக் குழுவிடம் 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.