கண் பிரஷர் 16 என்றால் பயமில்லையா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்குப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவால் ஒரு கண் பார்வை போய்விட்டது. எனக்கு 46 வயது. ஊரில் நடந்த கண் முகாமில் கண் பிரஷர் 16, நார்மல் என்றார்கள். அப்புறம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் கருவிழி 490 மைக்ரான் கனம்தான் இருக்கிறது, ஹிஸ்டெரிசிஸ் 8 என்று சொல்லி, ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி டாக்டர்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரிதான் ஆச்சி. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை நாங்கள் நேராக அளப்பதில்லை, வெளியே கருவிழியை அமுக்கிப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறோம். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போமே, அதே மாதிரி. ரப்பர் தடிமனாக இருந்தால் காற்று குறைவாக இருந்தாலும் கல் போல இருக்கும், மெல்லிசாக இருந்தால் காற்று நிறைய இருந்தும் மெத்தென்று அமுங்கும். நாங்கள் வழக்கமாக நம்புகிற கோல்ட்மேன் கருவி, கருவிழி சுமார் 520 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டு அளப்பது. உங்களுக்கு 490 என்பதால் உண்மையான அழுத்தம் 16ஐ விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இத்தனை மைக்ரான் குறைந்தால் இத்தனை கூட்டிக்கொள் என்கிற வாய்ப்பாட்டை மட்டும் நான் நம்புவதில்லை, ஏனென்றால் ஒரே கனம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கருவிழி விறைப்பாகவும் இன்னொருவருக்குத் தளர்வாகவும் இருக்கும்.

அதைப் பார்க்கத்தான், உங்களுக்கு ஹிஸ்டெரிசிஸ் 8 என்று காட்டிய, கண்ணில் காற்றடிக்கிற கருவி. காற்று பட்டதும் கருவிழி உள்வாங்கும்போது ஒரு தடவை தட்டையாகிறது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை. அந்த இரண்டு நேரத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹிஸ்டெரிசிஸ், பெரும்பாலோருக்கு 10, 11 பக்கம் வரும். குறைவாக இருப்பவர்களுக்குக் கிளாக்கோமா வந்தால் சீக்கிரம் முற்றுவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கனத்தைப் பற்றி 2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வும் உண்டு. பிரஷர் கூடியிருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரைக் கவனித்ததில், 555 மைக்ரானும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு, 588க்கு மேல் இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. உங்களுக்குப் பிரஷர் கூடவில்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே உங்கள் மேல் போட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த எண்களை மட்டும் வைத்துச் சொட்டு மருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது பார்வை நரம்பை. நரம்பின் கனத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், ஓரப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்ட் டெஸ்ட்டும் எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள், எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிரஷர் நார்மல் என்று சொல்லப்படும் 21க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் நம் நாட்டில் நிறைய பேர். இந்த நோய் வலிக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. உங்கள் கண்ணில் முன்பு கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள், கருவிழி இன்னும் மெலிந்திருக்கும். கண் அரிப்புக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பிரஷரை ஏற்றிவிடும், தயவுசெய்து அதைத் தொடவே தொடாதீர்கள்.

உடன்பிறந்தவர்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் ஒருதடவை முழுமையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பச்சியின் பழைய மருத்துவச் சீட்டுகள் வளவு வீட்டில் எந்தப் பெட்டியில் இருந்தாலும் தேடி எடுத்து, அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டு போங்கள்.