உலக சுகாதார நிறுவனம் வேலூருக்கு என்ன செய்கிறது?

"இங்கே அவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரிகூட இல்லையே, எப்படி உதவுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி நடத்துவது அவர்கள் வேலையே இல்லை. 190-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக உள்ள அமைப்பு. தலைமையகம் ஜெனீவா, நமக்கான மண்டல அலுவலகம் டெல்லி.

தொழுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடி பக்கத்தில் கரிகிரி மருத்துவமனை 1955 முதல் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையை 1981-இல் பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம்தான். 1995 முதல் அந்த மாத்திரைகள் அவர்கள் வழியாக நாடுகளுக்கு இலவசமாகப் போகின்றன. ஒரு அட்டை 28 நாளுக்கு. முதல் நாள் மாத்திரைகளைச் சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அந்தப் பணியாளரும் ஆரம்ப சுகாதார நிலையமும் நம் அரசுடையவை. இதுதான் வேலைப் பங்கீடு. என்னைக் கேட்டால் சரியான பங்கீடும்கூட.

உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; இருந்தால் கூச்சப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் காட்டுங்கள். மருந்துக்குக் காசு கிடையாது.