“எட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டேன், டாக்டர்”

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2018-இல் எச்ஐவி இருப்பது தெரிந்தது. அன்று முதல் அரசு ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்குகிறேன். மனைவிக்கு விஷயம் தெரியும், அவருக்கு நெகட்டிவ். வைரஸ் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, இத்தனை வருடமும் அடங்கியே இருந்ததால் ஒன்றரை வருடமாக ஆணுறை போடுவதில்லை. இந்த முறை 2,400 என்று வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி ஒன்பது மணி மாத்திரை வாரத்துக்கு இரண்டு தடவையாவது விட்டுப்போகிறது. பத்துப் பேர் நடுவில் எப்படி விழுங்குவது? மையத்தில் எண்ணிப் பார்ப்பார்கள் என்று மீந்த எட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனேன். இனி மருந்து வேலை செய்யாதா? மனைவிக்கு வந்திருக்குமா? தூக்கமும் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை. அல்சருக்கு ராத்திரி ஜெலுசில் குடிப்பதைத் தவிர வேறு மருந்து எதுவும் இல்லை.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில் உங்கள் மனைவி. அதுதான் அவசரம். கடைசியாக ஆணுறை இல்லாமல் சேர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இருவருமாக மையத்துக்குக் கிளம்புங்கள். தொற்று வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்கு மேல் நாளாகிவிட்டது என்றாலும் அவர் இப்போது ஒரு முறை நம்பிக்கை மையத்தில் (அரசு எச்ஐவி பரிசோதனை மையம்) ரத்தம் கொடுக்கட்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. உங்கள் அளவு மறுபடி இறங்கும்வரை ஆணுறை கட்டாயம்.

“வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால் துணைக்குப் பரவாது” என்று உங்களிடம் சொன்னது பொய்யில்லை. 1,763 ஜோடிகளை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த எச்பிடிஎன் 052 ஆய்வு அதற்கான முக்கிய ஆதாரங்களில் ஒன்று. அதில் சென்னையும் புனேயும் உண்டு. மருந்தால் வைரஸ் நிலையாக அடங்கியிருந்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று போனதாக ஒன்றுகூட அதில் பதிவாகவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு மாத்திரையோடு வருவது, மாத்திரையோடு போவது. மாதம் எட்டு விட்டால் முப்பதுக்கு இருபத்திரண்டு, அதாவது 73 சதவீதம். மையத்தில் எதிர்பார்ப்பது 95 சதவீதம், மாதத்துக்கு ஒன்று தவறினால் பரவாயில்லை என்கிற கணக்கு.

அடுத்து, மருந்து கெட்டுவிட்டதா? இப்போதைக்கு அப்படி நினைக்க வேண்டாம். நீங்கள் சாப்பிடுவது டிஎல்டியாகத்தான் இருக்கும்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் டோலுடெக்ராவிர் கெட்டிக்கார மருந்து. வைரஸ் அதை எதிர்க்கப் பழகுவது அவ்வளவு சுலபமில்லை. 1,000-க்கு மேல் போனதும் யாரும் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். கவுன்சலிங் கொடுத்து, ஒழுங்காகச் சாப்பிட வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கிவிடும். இறங்காவிட்டால்தான் மாற்றுவதைப் பற்றிய பேச்சு.

ஆனால் ஒன்று. அந்த எட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டதில் நீங்கள் ஏமாற்றியது மையத்தை இல்லை. டப்பா காலி, வைரஸ் லோடு 2,400 என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் என்ன நினைப்பார்? ‘ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறியிருக்கிறதே, மருந்துதான் தோற்றுவிட்டது போல’ என்று தேவையில்லாமல் அடுத்த கட்ட மருந்துக்குப் போக வாய்ப்பிருக்கிறது.

இதற்காக உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நானும் “மாத்திரை கரெக்டா சாப்பிடுறீங்களா?” என்றுதான் கேட்பேன். எல்லோரும் “சாப்பிடுறேன் சார்” என்பார்கள், நானும் டிக் அடித்து அனுப்பிவிடுவேன். பக்கத்து மேஜையில் இருந்த சிஸ்டர் கேட்பது வேறு மாதிரி. டப்பாவைக் கையில் வாங்குவார், ஆனால் திறக்க மாட்டார். “வேலைக்குப் போற ஆளு, எல்லா நாளும் போட முடியாதுங்க. போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்பார். விட்டுப்போனது சகஜம் என்று அவரே முதலில் சொல்லிவிடுவதால், எதிரில் இருப்பவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பிப்பார். என்னிடம் ‘எல்லாம் சரி’ என்றவர் அவரிடம் ‘மூணு நாள்’ என்பார். அதைப் பார்த்துத்தான் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

செவிலியர் இப்படி அக்கறையாக விசாரிப்பதில் பலன் உண்டு என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. கென்யாவில் மூன்று மருத்துவமனைகளில் 538 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2010-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குத் திங்கட்கிழமைதோறும் நர்ஸிடமிருந்து ஒற்றைச் சொல்லில் ஒரு எஸ்எம்எஸ் போகும்: “மாம்போ?” சுவாஹிலியில் எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். 48 மணி நேரத்துக்குள் “சாவா”, அதாவது நல்லா இருக்கேன், அல்லது “ஷிடா”, பிரச்சினை, என்று பதில் வர வேண்டும். பிரச்சினை என்றாலோ, பதிலே வராவிட்டாலோ ஃபோன் போட்டுப் பேசுவார்கள். அந்தச் செய்தியில் மாத்திரை என்ற பேச்சே கிடையாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 57 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது, மற்றவர்களில் 48 சதவீதம்.

அப்புறம் நம் பக்கத்திலும் செய்து பார்த்தார்கள். தென்னிந்தியாவில் மூன்று மையங்களில் 631 பேர். இங்கே வாராவாரம் கூப்பிட்டது கம்ப்யூட்டர் குரல், கூடவே ஒரு படச் செய்தி. 2014-இல் முடிவு வந்தது: பலன் எதுவும் இல்லை. ஊர் வேறு, ஆட்கள் வேறு, இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ஃபோனில் அலாரம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. உங்கள் விஷயத்தில் இன்னும் தெளிவு: நீங்கள் மறக்கவே இல்லையே! ஒன்பது மணி ஆனது தெரியும். பத்துப் பேர் நடுவில் விழுங்க முடியவில்லை.

அப்படியென்றால் ஒன்பது மணியையே தூக்கிவிடலாம். 2018-இல் உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். அது தலைசுற்றலும் கண்டபடி கனவும் கொடுக்கும். அதனால்தான் படுக்கும்போது போடச் சொன்னார்கள். பிறகு எல்லோரையும் டிஎல்டிக்கு மாற்றியபோது, ராத்திரி என்ற கட்டாயம் போய்விட்டதைப் பலருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. டிஎல்டியைக் காலையிலும் போடலாம், சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். பகல் ஷிஃப்ட் என்றால் ஏழரைக்கு வீட்டிலிருந்து கிளம்பும் முன். நைட் ஷிஃப்ட் என்றால் காலை ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதும். ஒன்றரை மணி நேர வித்தியாசத்தால் எதுவும் ஆகாது. மாறும் நாளில் ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே அடுத்ததைப் போடுங்கள். என்றாவது விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். இரண்டைச் சேர்த்து மட்டும் விழுங்க வேண்டாம்.

காலைக்கு மாற்றச் சொல்ல இன்னொரு காரணம், நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய ஜெலுசில். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராமல் போய்விடும். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை, சாப்பிட்டதும் ஜெலுசில் என்றால், தவறாமல் போட்ட நாட்களும் பாதிதான் கணக்கு. இந்த மாத்திரையை ஜெலுசிலுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். சத்து மாத்திரை என்று கால்சியம், இரும்பு வாங்கிப் போட்டாலும் இதே தொல்லை. பான்டோப்ரசோல் வகையில் இது இல்லை, நெஞ்செரிச்சல் தொடர்ந்தால் மையத்து மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

தூக்கம் கெடுவதற்கு ஷிஃப்ட் ஒரு காரணம், டோலுடெக்ராவிரும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலைக்கு மாறினால் அதுவும் குறையலாம். ஆனால் ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஷிஃப்ட் மேல் போட்டுவிட முடியாது. எச்ஐவி உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் 31 கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவம் வைத்திருக்கிறது. தூக்கம், உடல் தெம்பு மட்டுமில்லை, பிறர் பழிப்பது வருத்துகிறதா, எதிர்காலத்தை நினைத்துப் பயமா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை காட்டாத விஷயங்கள் இவை. மனச்சோர்வு மாத்திரை தவறுவதற்கும் ஒரு காரணம், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. கவுன்சலரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 1097 இலவச எண்ணில் பேசிப் பாருங்கள்.

கம்பெனியில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் உங்கள் கேள்வி முழுக்கத் தெரிகிறது. எச்ஐவி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை வேலையை விட்டு நீக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் பக்கத்தில் நிற்பவரின் வாயை அடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. காலைக்கு மாறிவிட்டால் கம்பெனிக்கு டப்பாவையே எடுத்துப் போக வேண்டாம்.

இந்த வாரமே மனைவியோடு மையத்துக்குப் போங்கள். டப்பாவில் எத்தனை மீதி இருக்கிறதோ அத்தனையோடு கொண்டுபோங்கள். அங்கே இருக்கும் சிஸ்டரிடம் நைட் ஷிஃப்ட், ஜெலுசில், குப்பையில் போட்ட எட்டு மாத்திரை மூன்றையும் சொல்லிவிடுங்கள். அடுத்த வைரஸ் லோடுக்கு என்றைக்கு வர வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.