சத்து மாத்திரை

அன்புள்ள அக்கா,

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். என் அக்காவுக்குப் புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது அடிவயிற்றுச் சதையை வைத்து மார்பு அமைக்கும் ஆபரேஷனுக்கு மதுரையில் பார்த்தோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, மச்சான் "சத்து மாத்திரைதான்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் மகளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் கூட இருந்தார். இந்த மாத்திரையால் ரத்தம் கட்டும் என்று யூடியூபில் பார்த்தேன். நாங்களே நிறுத்திவிட்டுப் போகலாமா? நிறுத்தினால் நோய் திரும்புமா? பூண்டு சாப்பிட்டால் ரத்தம் இளகுமா? மதுரையா, சென்னையா? நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது.

எஸ்., தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

பூண்டை மீன் குழம்பில் போடுங்கள், போதும். மதுரையா சென்னையா என்றால், மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக்குழாய் தைப்பதை வழக்கமாகச் செய்யும் குழு எங்கே இருக்கிறதோ அங்கே. ராத்திரியிலும் மணிக்கொரு தரம் வந்து பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மச்சான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, வெளியே எடுத்துப்போகும் சிரையோடு சேர்த்து முழுதாக வெட்டி எடுத்து, நெஞ்செலும்பு ஓரம் விலா எலும்புக்குப் பின்னால் ஓடும் குழாய்களோடு இணைப்பார்கள். எல்லாம் இடியாப்ப இழை அளவுக் குழாய்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. பெரும்பாலும் சிக்கல் வருவது சிரையில். அதன் சுவர் மெல்லியது, அழுத்தம் குறைவு. சின்னதாக ஒரு ரத்தக்கட்டி அடைத்தாலும் உள்ளே வந்த ரத்தம் வெளியே போக முடியாது. வைத்த சதை ஊதா நிறமாகும். சில மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுக்காவிட்டால் அது செத்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம்.

ரத்தம் உறைய மூன்று காரணம் சொல்வார்கள்: குழாய்ச் சுவரில் காயம், ஓட்டத்தில் மந்தம், ரத்தத்தின் தன்மையில் மாற்றம். முதல் இரண்டும் ஆபரேஷனோடு தானாக வரும். மூன்றாவதைத் தருவது உங்கள் மச்சானின் 'சத்து மாத்திரை'. டாமாக்சிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தடுக்கிறது. ஆனால் கல்லீரலில் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்து ரத்தத்தை உறையும் பக்கம் தள்ளுகிறது. சிரைகளில் ரத்தம் கட்டும் வாய்ப்பு இதனால் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. இதே நோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைகளில் அந்தப் பயம் குறைவு, ஆனால் அவை எல்லோருக்கும் பொருந்தாது.

பெரியபட்டினத்தில் எனக்கு ஒரு சித்தி. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள். அவளுக்கும் இதே நோய், இதே மாத்திரை. ஒருநாள் ஒரு கால் மட்டும் வீங்கியது. திருக்கை குத்தியிருக்கும் என்று வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் "ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டதற்குச் சித்தி, "ஒண்ணும் இல்லையே" என்றாள். பக்கத்துக் கட்டிலில் அவள் தெருக்காரி. நான் போய்ச் சித்தியின் சுருக்குப்பையைக் கொட்டினேன். வெற்றிலைப் பாக்கோடு, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள். அட்டை இருந்தால் மருமகள் மருந்தின் பேரைப் படித்துவிடுவாளாம். அப்புறம்தான் ஸ்கேன் எடுத்தார்கள். தொடைச் சிரையில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் சித்தி இல்லை.

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எத்தனை வீட்டில் இப்படி அட்டையைக் கிழித்துப் போடுகிறார்கள், தம்பி! ஊருக்குத் தெரியக்கூடாது, சம்பந்திக்குத் தெரியக்கூடாது. சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். கத்தி பிடிக்கப் போகிறவரிடமுமா? பெண்ணுக்குக் கல்யாணம் முக்கியம்தான். அதற்காக அவள் அம்மாவின் ரத்தக்குழாயைப் பணயம் வைக்க மச்சானுக்கு யார் உரிமை கொடுத்தது? நீங்களும் பக்கத்தில்தானே நின்றீர்கள்? வாயைத் திறந்திருக்கலாமே!

நிறுத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த ஆபரேஷனில் டாமாக்சிஃபெனால் எவ்வளவு ஆபத்து கூடுகிறது என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சிக்கல் அதிகம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. அதனால் டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும். பலர் இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். மருந்து உடம்பை விட்டுப் போக வாரங்கள் ஆகும், முதல் நாள் ராத்திரி நிறுத்திப் பிரயோஜனம் இல்லை. ஐந்து, பத்து வருடம் சாப்பிடுகிற மருந்தில் சில வார இடைவெளி பொதுவாகப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் உங்கள் அக்காவின் நோய்க்கு அது சரியா, எப்போது மறுபடி தொடங்குவது என்பதையெல்லாம் புற்றுநோய் டாக்டரும் ஆபரேஷன் செய்பவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை இருப்பதே தெரியாமல் அவர்கள் எதைப் பேசுவார்கள்?

நாளைக்கே மதுரைக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த முறை அட்டையோடு போங்கள். அக்கா மட்டும் உள்ளே போகட்டும், மச்சான் வெளியே டீ குடிக்கட்டும். இந்த வயதில் மார்பு எதற்கு என்று யாராவது கேட்டால் அதற்கும் அக்காவே பதில் சொல்லிக்கொள்வார்.

அப்புறம், அவருக்குத் தெரியாமல் எழுதியது போதும். போனை அவர் கையில் கொடுத்து, அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.